மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஏ.சி. அறையில் இரண்டு நாள் உட்காரலாம், மதியம் பிரியாணி உண்டு என்றார்கள். அதனால்தான் அந்த வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன். 'நிதித்துறை சாராத ஊழியர்களுக்கு நிதி அடிப்படைகள்' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. நான் செங்குட்டுவன். திருவொற்றியூரில் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு இரும்புப் பேரல் செய்துகொடுக்கும் தொழிற்சாலையில் ரிப்பேர் செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர். புதுப் பேரலில் காற்றை அடைத்து சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். அப்படி ஒழுகுவதும், தூக்கும்போது நசுங்கியதும் எங்களிடம் வரும். பற்றவைத்து, தட்டி நிமிர்த்தி அனுப்புவோம். இந்த வேலைக்கு நிதி எதற்கு என்று கேட்காதீர்கள். ஆடி மாத வெயில், தகரக் கூரை, வெல்டிங் புகை. இதற்கு நடுவில் நிற்கிறவனிடம் ஏ.சி. என்று சொன்னால் அவன் பரதநாட்டிய வகுப்புக்குக்கூடப் போவான்.

வகுப்பு எடுத்தவர் ஜெமிமா. ராயபுரத்துப் பெண், எங்கள் கம்பெனியின் கணக்கு அதிகாரி. திரையில் ஏதேதோ கட்டம் ஓடிக்கொண்டிருந்தாலும் அதைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஒரு ஷேர் ஆட்டோவ எடுத்துக்கங்க. ஆள் ஏறினாலும் ஏறாட்டியும் வண்டிக்கு மாசத் தவணை கட்டணும். அது ஃபிக்ஸட் காஸ்ட். வண்டி ஓடினாதான் டீசல். அது வேரியபிள் காஸ்ட். அந்தத் தவணைய எத்தனை தலைக்குப் பிரிக்கிறோமோ அத்தனைக்கு லாபம். அதனாலதான் டோல்கேட்ல ஒரு சீட்டு காலியா இருந்தாலும் உங்கள உக்கார வச்சுட்டு 'பாரிஸ் கார்னர், பாரிஸ் கார்னர்'னு கத்திக்கிட்டே இருக்காரு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. டோல்கேட்டில் எத்தனை சாயங்கால வேளைகள் அந்த டிரைவர்களைத் திட்டியிருப்பேன்! அவர்கள் எல்லாம் நிதி படித்தவர்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த நிமிடத்திலிருந்து பிரியாணியை மறந்தேன். நம்பினால் நம்புங்கள், மதியம் பிரியாணி வந்தபோதுகூட ஒரு பொட்டலத்துக்கு என்ன அடக்கம் ஆகியிருக்கும் என்று பக்கத்து நாற்காலி நசீரிடம் கேட்டேன். நசீர் பெயின்ட் செக்‌ஷன் சூப்பர்வைசர், தண்டையார்பேட்டைக்காரன். "துன்றதத் துன்னு மாமு" என்றான்.

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் எங்கள் வீடு. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே என் மனைவி அன்புக்கரசியிடம் ஆரம்பித்தேன்.

"இந்த கிரைண்டரு ஃபிக்ஸட் காஸ்ட்டு. தெனம் மாவு அரைச்சாத்தான் ஒரு இட்லிக்கு விழுற செலவு கொறயும். நீ வாரத்துக்கு ஒரு வாட்டி அரைச்சா நஷ்டம்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்போ நீ இன்னா காஸ்ட்டு? ஞாயித்துக்கெழம முழுக்க கட்டில்ல குந்திகினு கீற. ஓடினாலும் ஓடாட்டியும் உனக்குச் சோறு போட்டாவணும். நீதான் ஃபிக்ஸட்டு."

சொன்னதை அப்போது ரசித்தேன். அது எவ்வளவு சரியான கணக்கு என்று புரிய கொஞ்ச நாள் ஆயிற்று.

இங்கே மஞ்சள் கோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலைத் தரையில் ஒவ்வொரு செக்‌ஷனைச் சுற்றியும் மஞ்சள் பெயின்ட்டில் எல்லைக் கோடு இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு முன்னால் தரையைக் கழுவி, நூல் பிடித்து, கோட்டைப் புதிதாகப் போடுவோம். ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு எல்லை என்றால் கை சும்மா இருக்காது. எங்கள் பிளாக்கில் பால்கனியைச் சமையலறை ஆக்காத வீடு இல்லை. படிக்கட்டுக்குக் கீழே பீரோ வைத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நூலை நானே பிடிப்பேன். நசீரின் பக்கம் ஒரு சாண் தள்ளிப் பிடிப்பேன். பின்பக்கம் ஸ்டோர்ஸ் பக்கமும் ஒரு சாண். நசீர் கத்துவான். போன வருடம் என் சட்டையைப் பிடித்துவிட்டான். ஆனால் பெயின்ட் காய்ந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

இப்படியாக ஐந்தாறு பேர் வேலை செய்யும் என் செக்‌ஷன் கல்யாண மண்டபம் அளவுக்கு ஆகிவிட்டது. அவ்வளவு இடத்தில் என்ன செய்கிறேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. கேரம் போர்டு இருந்தது. பூஜைப் பந்தல் கழிகள் இருந்தன. வெட்டிய பேரலில் ஒரு மணி பிளான்ட் வைத்திருந்தேன். வெளியாட்கள் சுற்றிப் பார்க்க வந்தால் "உங்க செக்‌ஷன் நல்லா காத்தோட்டமா இருக்கு சார்" என்பார்கள். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசை.

வகுப்பின் முடிவில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அவரவர் செக்‌ஷனின் செலவுக் கணக்கை எடுத்து ஆராய்ந்து, அடுத்த வாரம் எம்.டி. முன்னால் பேச வேண்டும். எல்லோரும் ஏதோ ஒப்பேற்றினார்கள். நசீர் பெயின்ட் டப்பாவை முழுக்க வழித்து எடுத்தால் மிச்சம் என்று பேசிவிட்டு உட்கார்ந்தான். நான் அப்படியா? என் மகள் மகிழினியை உட்கார வைத்து, கலர் கலராகக் கட்டம் போட்டு, அம்புக்குறி பறந்துவரச் செய்தேன். ஒரு பேரலை ரிப்பேர் செய்ய எங்கள் செக்‌ஷனில் ஆகும் செலவு ஒரு கட்டம். மணலியில் வெளி ஆளிடம் கொடுத்தால் ஆகும் செலவு இன்னொரு கட்டம். எங்கள் கட்டம் உயரமாக நின்றது. அதைச் சிவப்பில் போடச் சொன்னதும் நான்தான்.

"ஆகவே," என்று கையை நீட்டி முழங்கினேன், "எண்கள் பொய் சொல்லாது. இந்த செக்‌ஷன் கம்பெனிக்கு நஷ்டம்!"

'இந்த செக்‌ஷன்' என்று சொன்னபோது அது எங்கேயோ அமெரிக்காவில் இருப்பதுபோலத்தான் எனக்கு இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குள் நான் நிற்கிறேன் என்பது நினைவிலேயே இல்லை.

எம்.டி. எழுந்து நின்று கைதட்டினார். நசீர் இன்னும் பலமாகத் தட்டினான்.

"பிரமாதம் செங்குட்டுவன்! சொந்த செக்‌ஷனையே இவ்வளவு நேர்மையா யாரும் சொன்னதில்ல. சரி, அடுத்த மாசக் கடைசியோட மூடிடலாம். அந்த இடத்துல ரெடியான பேரலை அடுக்கினா வெளி குடோன் வாடகையும் மிச்சம்."

எனக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். சான்றிதழும் ஒரு சுவர்க் கடிகாரமும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தேன். அந்தப் போட்டோ இன்னும் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. உலகத்தில் தன் கடையை மூடியதற்குப் பரிசு வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டும் ஒரே ஆள் எப்படி இருப்பான் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

செக்‌ஷனுக்குத் திரும்பினேன். சொக்கம்மாள் தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். நெட்டுக்குப்பத்துக்காரி. கழிமுகத்தில் மீன் குறைந்து புருஷனின் படகு பாதி நாள் கரையிலேயே கிடக்க ஆரம்பித்ததும் எங்களிடம் கான்ட்ராக்டில் ஹெல்பராக வந்தாள். இங்கேயே வெல்டிங் பழகி, இப்போது எங்கள் செக்‌ஷனில் ஒழுகல் அடைப்பதே அவள்தான். அவளை நிரந்தரமாக்கும் காகிதம் தீபாவளிக்குள் வந்துவிடும் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்ததே அந்த வார்த்தையை நம்பித்தான்.

"ஃபர்ஸ்ட்டு பிரைஸாமே சார்! அதான் நெத்திலி வறுத்து எட்த்தாந்தேன். இன்னா சார் பேசினே, அத்தினி பேரும் கை தட்னாங்க?"

ஒரு நெத்திலியை வாயில் போட்டுக்கொண்டேன். மென்றுகொண்டே இருந்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

அவள் தூக்குச் சட்டியை மூடினாள். "அய்ய, நம்மளத்தான் சொன்னியா சார்?"

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் வசவுக்கா பஞ்சம்? முகமூடியை இறக்கிவிட்டுப் பேரலிடம் போய்விட்டாள். அன்று முழுக்க அந்தப் பக்கம் போகவே இல்லை.

மறுநாள் காலை ஜெமிமாவின் மேஜை முன்னால் நின்றேன்.

"மேடம், அந்தக் கணக்குல எங்கியோ தப்பு கீது."

"நீங்கதான சார் எண்கள் பொய் சொல்லாதுன்னீங்க?"

"அது ஒரு ஃப்ளோவுல வந்துட்ச்சி மேடம்."

அவர் சிரிக்காமல் கணக்கைத் திறந்தார். நல்ல பெண். "உங்க ஆளுங்களோட கூலி, வெல்டிங் ராடு, கேஸ், இது எல்லாம் கம்மிதான். மணலிக்காரங்களவிடக் கம்மி. ஆனா கட்டட வாடகை, இன்ஷூரன்ஸ், லைட், காவல், இந்தப் பொதுச் செலவு எல்லாத்தையும் செக்‌ஷனுக்கு செக்‌ஷன் பிரிக்கணும் இல்லியா? சதுர அடி கணக்குல பிரிக்கிறோம். மஞ்சள் கோட்டுக்கு உள்ள எவ்வளவு இடமோ, அவ்வளவு செலவு. மெயின் லைனுக்கு அடுத்து பெரிய இடம் உங்களுதுதான்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "கேக்கணும்னு இருந்தேன். அவ்வளவு இடம் எதுக்கு சார் உங்களுக்கு?"

கேரம் போர்டும் மணி பிளான்ட்டும் என் கண் முன்னால் வந்து நின்றன. வருடா வருடம் சாண் சாணாகத் திருடி, அதற்கு நானே வாடகை கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஹவுசிங் போர்டில் இந்தக் கணக்கு கிடையாது. அங்கே வளைத்ததெல்லாம் லாபம்.

"மேடம், கோடு உள்ள வந்தா?"

"அடுத்த வாரம் எல்லா செக்‌ஷனையும் புதுசா அளக்கப் போறேன். அன்னிக்குக் கோடு எங்க இருக்கோ, அதான் கணக்கு. எம்.டி.கிட்ட நானே எடுத்துட்டுப் போறேன்."

இரண்டு கிளாஸ் டீயோடு நேராக நசீரிடம் போனேன்.

"மாமு, உன் எடத்த நீயே எட்த்துக்கோ."

அவன் டீயை மட்டும் எடுத்துக்கொண்டான். "எனுக்கு வோணாம்."

"டேய், அது உன் எடம். நான் திருடினது."

"திருடினவனே வச்சுக்கோ நைனா."

"போன வருசம் இதுக்குத்தான சட்டையப் புட்ச்சே!"

"அப்போ எனுக்கு சதுர அடி தெரியாது." டீயை உறிஞ்சினான். "க்ளாஸ்ல உன் பக்கத்து சீட்டு யாரு? நானு. நீ துன்ன அதே பிஸ்கோத்த நானும் துன்னேன். நீ பிரியாணிக்குக் கணக்கு போட்டுகினு இருந்தப்போ நான் ஓவர்ஹெட்ட, அதான் அந்தப் பொதுச் செலவ, நோட் பண்ணிகினு இருந்தேன். அந்த எடத்த எட்த்தா என் பேரலுக்கு ரேட்டு ஏறும். என்னையும் மூடிடுவாங்க. ஆள வுடு."

கெஞ்சினேன். அவன் கேட்ட எல்லை இதோ என்று தரையைத் தொட்டுக் காட்டினேன். வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒருவன் மன்றாட, இன்னொருவன் தன் சொந்த இடத்தை வேண்டாம் என்று ஒதுங்க, பெயின்ட் அடிக்கிற பையன்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் "எட்த்துக்கலேன்னா போ, நான் என் கோட்ட உள்ள இஸ்த்துக்குவேன்" என்று வந்துவிட்டேன். அந்த சனிக்கிழமையே கேரம் போர்டையும் கழிகளையும் யூனியன் ரூமில் கொண்டுபோய்ப் போட்டோம். பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு, வெல்டிங் மேஜைகளும் பேரல் வரும் வழியும் அடங்குகிற அளவுக்கு இறுக்கிப் புதுக் கோடு போட்டேன். சொக்கம்மாள்தான் டப்பாவைப் பிடித்தாள். என்னிடம் இன்னும் பேசவில்லை. ஆனால் டப்பாவைப் பிடித்தாள்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் நசீரும் தன் கோட்டை உள்ளே இழுத்திருந்தான். விஷயம் பரவிவிட்டது. ஸ்டோர்ஸ்காரர்கள் ரேக்கை ஒட்டிக் கோடு போட்டிருந்தார்கள். பேக்கிங்கில் கோட்டுக்கு உள்ளே நிற்க ஆட்களுக்கே இடம் போதவில்லை. ஒருவர் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். செக்‌ஷனுக்கும் செக்‌ஷனுக்கும் நடுவில் தெருத் தெருவாகத் தரை கிடந்தது. ஜெமிமா டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கும் நசீருக்கும் நடுவில் இருந்த பெரிய வெற்றிடத்தில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"இது யாரோடது?"

ஆளாளுக்குத் தன் கோட்டுக்குள் காலை ஒடுக்கிக்கொண்டார்கள். ஒரு சாணுக்குச் சட்டையைப் பிடித்த தொழிற்சாலை அது.

"சார், உங்களுதா?"

"அய்யோ, எனுக்கு சம்பந்தமே இல்ல மேடம்."

"நசீர் சார்?"

"நான் அந்தப் பக்கம் பாக்கறதுகூட இல்ல மேடம்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டில் 'பொது' என்று எழுதினார். இரண்டு நாள் கழித்துக் கணக்கைப் பார்த்த எம்.டி.க்கு அது ரொம்பவே பிடித்துப்போயிற்று. பேரல் அடுக்க இடம் கிடைத்துவிட்டது, குடோன் வாடகை மிச்சம், எந்த செக்‌ஷனையும் இடிக்கவும் வேண்டாம். ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ரிப்பேர் செக்‌ஷன் மணலி விலைக்குக் கீழே வந்தால் இருக்கட்டும், வராவிட்டால் மூடல்தான்.

ஜெமிமா என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். சிவப்புக் கட்டம் நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் மணலிக் கட்டத்துக்கு மேலே இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றது.

"இனிமே எத கொறைக்கிறது மேடம்? ராடு கொறைக்க முடியாது. ஆளக் கொறைச்சா சொக்கம்மாள்தான் போவும். கான்ட்ராக்ட்டு அவ ஒருத்திதான்."

அவர் கர்சரை ஒரு வரியின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். 'மேற்பார்வை' என்று போட்டிருந்தது. பெயர் இல்லை. பேரல் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் அதே தொகை. கீழே இருந்த கூலி வரிகளைப் பார்த்தால் அந்த ஒன்றுதான் பருமனாக இருந்தது.

"இது யாரு மேடம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. வீட்டில் எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

"பாதி மட்டும் போட முடியாதா மேடம்?" என்றும் கேட்டேன். வெட்கம் இல்லாமல்தான் கேட்டேன். பாதி போட்டாலும் கட்டம் நீட்டிக்கொண்டுதான் நின்றது. அவர் அந்த வரியை முழுக்க அழித்துக் காட்டினார். கட்டம் மணலிக்குக் கீழே இறங்கிப் பச்சையாகிவிட்டது. நான் இல்லாவிட்டால் என் செக்‌ஷன் லாபம்.

"வேலை போகாது சார். பொதுவுல போட்டுடலாம். அடுக்கின பேரலைப் பாத்துக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்னு எம்.டி. சொன்னாரு. ஆனா ரிப்பேர் செக்‌ஷன் உங்களுது இல்ல. உங்க ஆளுங்களே பாத்துக்குவாங்க. யோசிச்சு சொல்லுங்க."

யோசிக்கத்தான் செய்தேன். இரண்டு நாள் யோசித்தேன். ரிப்பேர் சூப்பர்வைசர் என்று கேட்டில் சொன்னால் வாட்ச்மேன் எழுந்து நிற்பான். அந்த மரியாதையை விட எனக்கு மனசு வரவில்லை. நல்லவனாக இருந்திருந்தால் உடனே சரி என்று சொல்லியிருப்பேன். மூன்றாம் நாள் சொக்கம்மாள் அதே தூக்குச் சட்டியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அதே நெத்திலி. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. படியேறிப் போய் "அழிச்சிடுங்க மேடம்" என்றேன்.

சம்பளம் அதேதான். மேஜை மட்டும் கோட்டைத் தாண்டிப் போயிற்று. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் அந்த 'பொது'வில் வைத்தார்கள். சுற்றிலும் பேரல் மலை. பரிசுக் கடிகாரத்தை மாட்டச் சுவர்கூடக் கிடையாது. ஒருநாள் ஒரு பேரல் மடிப்பில் ஒழுகல் நிற்கவில்லை என்று சொக்கம்மாள் கூப்பிட்டாள். நான் கோட்டை ஒட்டி நின்று, எந்தப் பக்கமிருந்து பற்றவைக்க வேண்டும் என்று கையை ஆட்டிச் சொன்னேன்.

"இந்தாண்ட வந்து சொல்லேன் சார்."

"வரக்கூடாது. கால வச்சா காஸ்ட் ஏறும்."

நசீர் அந்தப் பக்கத்திலிருந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

அவளுடைய நிரந்தரக் காகிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் ஆயுத பூஜை. தரை கழுவியாயிற்று. பொரி மூட்டை வந்து இறங்கிவிட்டது. இந்த வருடம் நூல் பிடிக்க எனக்கு எந்த செக்‌ஷனும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொக்கம்மாள் நூல்கண்டோடு வந்து, ஒரு முனையை என் கையில் கொடுத்தாள்.

"புடி சார்."

பழைய கோட்டின் மேல்தான் போடுவாள் என்று நினைத்தேன். அவள் நூலை இழுத்துக்கொண்டே வந்து, என் நாற்காலியைச் சுற்றி, மேஜையைச் சுற்றி, திரும்பத் தன் பக்கம் கொண்டுபோனாள்.

"ஏய், இன்னா பண்றே? இத்தினி சதுர அடி உன் தலையில வுழும். பேரலுக்கு ரேட்டு ஏறும். மணலிக்கிட்ட போயிடும்."

"போவாது. நேத்து ஜெமிமா மேடத்தாண்ட கேட்டுட்டேன். மணலி ரேட்டத் தொட இன்னும் கொஞ்சம் எடம் கீதாம்."

"மேஜைய உள்ள போட்டா என்னையும் உள்ள போடணும். அப்போ சம்பளம்…"

"கணக்குல நீ வெளியவே இரு சார். மேஜ மட்டும் உள்ள இருக்கட்டும். கூப்டா கேக்கற தூரத்துல கெட."

எனக்குக் கண் நிறைந்தது, பெயின்ட் வாசனை என்று நசீரிடம் சொல்லிக்கொண்டேன், அவன் நம்பவில்லை. என் மேஜைக்கு எவ்வளவு வாடகை விழும் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. எப்படிப் போட்டாலும் அது அவர்களுக்கு நஷ்டம்தான். அவள் பிரஷ்ஷைப் பெயின்ட்டில் தோய்த்தாள். நான் நூலை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.